ஹிமாலயன் எஞ்சின்: எல்எஸ் 410-இலிருந்து ஷெர்பா 450 வரை

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் எட்டு வருடத்துக்குள் ஒரே வண்டிக்கு இரண்டு வெவ்வேறு எஞ்சின்களைச் செய்தது. 2016 மார்ச்சில் வந்த ஹிமாலயனில் இருந்தது எல்எஸ் 410. 2023 நவம்பரில் வந்த புது ஹிமாலயனில் இருப்பது ஷெர்பா 450. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: நல்ல ரோடு முடிகிற இடத்துக்கு அப்பாலும் ஆளையும் மூட்டையையும் சுமந்துகொண்டு ஏற வேண்டும். ஆனால் ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராத அளவுக்கு இரண்டின் அமைப்பும் வேறு.

ஒரே கேள்விக்கு ஏன் இப்படி இரண்டு விடைகள்? இரண்டாவது வந்ததால் முதலாவது தப்பு என்று ஆகிவிட்டதா? கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வைத்திருந்ததை இங்கே கோர்வையாக எழுதிப் பார்க்கிறேன். எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்தே போகலாம்.

மண்ரோடு எஞ்சினிடம் என்ன கேட்கிறது?

நான் இருப்பது முசிறியில். தெற்கே காவிரி மணல். வடக்கே துறையூர் தாண்டினால் பச்சைமலை. மேற்கே கொஞ்சம் தள்ளி, எழுபது கொண்டை ஊசி வளைவோடு கொல்லிமலை. ஒரு எஞ்சினுக்கு வைக்கக்கூடிய பரீட்சை எல்லாமே இந்த வட்டத்துக்குள் இருக்கின்றன.

பச்சைமலையில் மழைக்குப் பிறகு ஒரு மண்பாதையில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். முதல் கியர், எப்போதாவது இரண்டாவது. ஒரு கல்லில் முன்சக்கரம் ஏறும்போது எஞ்சின் சுழற்சி சட்டென்று இறங்கும். அந்த நேரத்தில் எஞ்சின் முக்கிக்கொண்டாவது இழுக்க வேண்டும். ஆஃப் ஆகிவிட்டால் வண்டி பின்னால் நகரும், கால் ஊன்ற இடம் இருக்காது, கதை முடிந்தது. பயந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் எதிர்ப் பிரச்சினை: திறன் மொத்தமாக வந்து பின்சக்கரம் சேற்றில் வெட்டியாகச் சுற்றும்.

ஆக, எஞ்சினிடம் மண்ரோடு நான்கு விஷயங்களைக் கேட்கிறது. குறைந்த சுழற்சியிலேயே இழுவை வேண்டும். அந்த இழுவை திடீரென்று வராமல் சீராக ஏற வேண்டும். காற்றே படாத வேகத்தில் போனாலும் சூடேறிச் சாகக் கூடாது. அடியில் கல் இடிக்காத உயரத்தில், முடிந்தவரை எடை குறைவாக இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று பெரும்பாலும் குறையும். எஞ்சின் வடிவமைப்பில் கஷ்டமே அங்கேதான்.

இழுவையும் திறனும்

டார்க், குதிரைத்திறன் என்று இரண்டு எண்களை விளம்பரத்தில் போடுகிறார்கள். வித்தியாசத்தைச் சைக்கிளில் புரிந்துகொள்ளலாம். முசிறி-குளித்தலை பாலத்தில் டபுள்ஸ் வைத்துக்கொண்டு எதிர்க்காற்றில் போகும்போது பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்களோ, அதுதான் டார்க். நம் ஊர்ப் பேச்சில் இழுவை. அதே அழுத்தத்தோடு நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் திறன். மெதுவாக, பலமாக மிதிப்பவரும், லேசாக, வேகமாக மிதிப்பவரும் ஒரே திறனைக் கொடுக்க முடியும். ஆனால் மேட்டில் சைக்கிள் நிற்கப் போகிற நேரத்தில் காப்பாற்றுவது முதல் ஆளின் கால்.

எஞ்சினில் இந்த 'மிதிக்கும் பாணி'யைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு அளவுகள். ஒன்று சிலிண்டரின் விட்டம், அதாவது போர். இன்னொன்று பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம், ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக தூரம் ஓட வேண்டும். அதனால் எஞ்சினை ரொம்ப வேகமாகச் சுற்றவிட முடியாது. கீழ்ச் சுழற்சியிலேயே வேலையை முடிக்கும்படிதான் அதை அமைப்பார்கள். ஸ்ட்ரோக் குட்டையாக, போர் அகலமாக இருந்தால் பெரிய வால்வுகள் வைக்க இடம் கிடைக்கும். எஞ்சின் நன்றாக மூச்சுவிடும், வேகமாகச் சுற்றும். அதன் பலம் மேல்சுழற்சியில் தெரியும்.

இந்த மூன்றைப் பாருங்கள்:

- பழைய புல்லட் 350: போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90
- எல்எஸ் 410: போர் 78, ஸ்ட்ரோக் 86
- ஷெர்பா 450: போர் 84, ஸ்ட்ரோக் 81.5

ஸ்ட்ரோக் சுருங்கிக்கொண்டே வருகிறது, போர் அகலமாகிக்கொண்டே வருகிறது. மூன்றாவதில் போர் ஸ்ட்ரோக்கை முந்திவிட்டது. ஒப்பிட ஒரு கோடி வேண்டுமென்றால், 373 சிசி கேடிஎம் 390 அட்வென்ச்சரில் போர் 89, ஸ்ட்ரோக் 60. அதன் முழு இழுவை 7,000 சுழற்சியில்தான் வரும். ஷெர்பா அவ்வளவு தூரம் போகவில்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லட்டிலிருந்து எல்எஸ் 410

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்து வண்டி செய்தார்கள், பிறகு பாகங்களையே இங்கே செய்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி மூடிப்போன பிறகும் புல்லட் திருவொற்றியூரில் வந்துகொண்டே இருந்தது. எஞ்சின் வரைபடம் மட்டும் அடிப்படையில் அவர்களுடையது. பிற்பாடு ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் உதவியோடு ஒரு எஞ்சின் வந்தது. அதற்குப் பிறகு எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் இருக்கும் யூசிஇ வந்தது.

லடாக்குக்குப் புல்லட்டில் போய்வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1950-களில் ராணுவம் அதை வாங்கியதே எல்லைக் காவலுக்குத்தான். கனமான ஃப்ளைவீல், நீள ஸ்ட்ரோக் என்று இழுவைக்குக் குறைவில்லை. ஆனால் அது மலைக்கென்று செய்த எஞ்சின் கிடையாது. அதிர்வு அதிகம், எடை அதிகம், வால்வைத் திறக்க நீண்ட தள்ளுகோல்கள் வேறு.

எல்எஸ் 410 இந்த வேலைக்கென்றே வரைந்தது. எல்எஸ் என்றால் லாங் ஸ்ட்ரோக், அதாவது நீள ஸ்ட்ரோக். கேம்ஷாஃப்ட் சிலிண்டர் தலைக்கு மேலே வந்தது. தள்ளுகோல் போயிற்று. அதிர்வைக் குறைக்கத் தனியாக ஒரு பேலன்சர் ஷாஃப்ட் வந்தது. குளிர்விக்கக் காற்றோடு ஆயில் கூலரும் சேர்ந்தது. ஆயில் மாற்ற வேண்டிய இடைவெளி 10,000 கிலோமீட்டர். 24.5 குதிரைத்திறன் 6,500 சுழற்சியில், 32 நியூட்டன் மீட்டர் டார்க் 4,250 வாக்கில்.

காகிதத்தில் பார்த்தால் 411 சிசிக்கு இது ரொம்பக் குறைவு. வந்த புதிதில் பலர் கிண்டலடித்ததும் அதைத்தான். ஆனால் முந்தைய பகுதியில் பார்த்த மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறவனுக்கு 6,500 சுழற்சியில் என்ன இருக்கிறது என்பது தேவையே இல்லாத தகவல். இன்னொரு விஷயமும் உண்டு. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நடக்கும். 1,500 சுழற்சியில் கணக்குப் போட்டால் நொடிக்குப் பன்னிரண்டரை வெடிப்பு. ஒவ்வொரு தள்ளலுக்கும் நடுவே டயருக்கு மண்ணைத் திரும்பப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன அவகாசம் கிடைக்கிறது. சேற்றில் ஒற்றை சிலிண்டர் வண்டிகள் பிடிப்போடு ஏறுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

பத்து சதவீதம் பெரிது, அறுபது சதவீதம் கூடுதல்

ஷெர்பா 450-ன் கொள்ளளவு 452 சிசி. பழையதைவிடப் பத்து சதவீதம்தான் பெரிது. ஆனால் திறன் 8,000 சுழற்சியில் 40 குதிரைத்திறன், பழையதைவிட அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுதல். டார்க் 5,500-ல் 40 நியூட்டன் மீட்டர். மிச்சம் எங்கிருந்து வந்தது?

திறனைச் சுழற்சியால் வகுத்தால் டார்க் கிடைக்கும். அந்தக் கணக்கை இரண்டுக்கும் போட்டுப் பார்த்தேன். பழைய எஞ்சின் 6,500-ல் ஏறத்தாழ 27 நியூட்டன் மீட்டர்தான் கொடுக்கிறது, அதாவது உச்சத்திலிருந்து ஐந்து குறைந்துவிட்டது. புதியது 8,000-ல்கூட 35 கொடுக்கிறது. இழுவை முப்பது சதவீதம் கூடியிருக்கிறது, சுழற்சி இருபத்துமூன்று சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் அந்த அறுபது வந்துவிடும்.

சுழற்சியைக் கூட்ட முடிந்தது ஸ்ட்ரோக்கைக் குறைத்ததால். எல்எஸ் 410-ல் பிஸ்டனின் சராசரி வேகம் 6,500 சுழற்சியில் நொடிக்கு 18.6 மீட்டர். ஷெர்பாவில் 8,000 சுழற்சியில் 21.7. பழைய 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டே 8,000-க்குப் போயிருந்தால் 23-ஐத் தொட்டிருக்கும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய பாரம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் அந்தச் சின்ன வித்தியாசமும் பெரிய காசு.

இழுவையைக் கூட்ட முடிந்ததற்கு மூச்சும் அமுக்கமும் காரணம். பழையதில் இரண்டு வால்வு, ஒரு கேம்ஷாஃப்ட். புதியதில் நான்கு வால்வு, இரண்டு கேம்ஷாஃப்ட். அமுக்க விகிதம் 9.5-லிருந்து 11.5-க்கு ஏறியது. பெட்ரோல்-காற்றுக் கலவையை எவ்வளவு இறுக்கி எரிக்கிறோமோ அவ்வளவு பலன் கிடைக்கும். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால், அதுவும் சூடான சிலிண்டரில், தீப்பொறி வருவதற்கு முன்போ பின்போ கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். அமுக்கத்தை ஏற்ற வேண்டுமென்றால் சூட்டைக் கட்டுப்பாட்டில் வைத்தாக வேண்டும்.

ரேடியேட்டர் வந்தது இப்படித்தான். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு வண்டி ஓடினால்தான் காற்று. மணலில் முதல் கியரில் அரைமணி நேரம் உருட்டினால் எஞ்சின் கொதிக்கும், காற்றோ வீசாது. திரவத்தில் குளிரும் எஞ்சினுக்கு மின்விசிறி இருக்கிறது, வண்டி நின்றாலும் சுற்றும். இந்த நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் திரவக் குளிர்விப்பு எஞ்சின் இதுதான். புகைக் கட்டுப்பாடும் அந்தப் பக்கமே தள்ளியது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் வந்தன. வெப்பநிலை ஏறி இறங்காமல் இருந்தால்தான் பாகங்களின் இடைவெளியையும் எரிதலையும் துல்லியமாகக் கணக்கிட முடியும்.

ரேடியேட்டர், பம்ப், இரண்டாவது கேம்ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்தால் எடை ஏற வேண்டும். ஆனால் பழைய எஞ்சினைவிடப் பத்து கிலோ குறைவு என்கிறது நிறுவனம். ஆயிலும் கிராங்கின் அடியில் குளமாகத் தேங்காதபடி 'செமி-டிரை சம்ப்' முறை வைத்திருக்கிறார்கள். கிராங்க் ஆயிலைக் கலக்கித் திறனை வீணடிப்பது குறைகிறது. எஞ்சினின் அடிவயிறும் ஒட்டியிருக்க முடிகிறது. தரையிலிருந்து வண்டியின் உயரம் 220-லிருந்து 230 மில்லிமீட்டராக ஏறியது.

காற்று மெலிந்த இடத்தில்

இவ்வளவு திறன் எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தி தந்த விடை உயரத்தில் இருக்கிறது. எஞ்சினுக்குச் சாப்பாடு பெட்ரோல் மட்டுமில்லை, காற்றும்தான். கொல்லிமலைக்கு மேலே போனாலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். லடாக்கில் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவில் விழும்.

கணக்குப் போட்டால், எல்எஸ் 410-ன் 24.5 அங்கே பதினாலு, பதினைந்தாகச் சுருங்கும். நம் ஊரில் சாதாரண 150 சிசி வண்டியிடம் இருக்கிற திறன்தான், ஆனால் சுமக்க வேண்டியது கிட்டத்தட்ட இருநூறு கிலோ வண்டி, அதற்கு மேல் ஆள், மூட்டை. ஷெர்பாவின் 40 இருபத்துமூன்று வாக்கில் நிற்கும். அதாவது பழைய ஹிமாலயன் முசிறியில் என்ன பலத்தோடு ஓடியதோ, ஏறக்குறைய அந்தப் பலத்தோடு புது ஹிமாலயன் கர்துங் லாவில் ஓடும். நாற்பது குதிரைத்திறன் ஹைவேயில் பறப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கோணத்தில் ஒருமுறை பார்க்கலாம்.

2016-ல் வந்த முதல் ஹிமாலயனில் கார்புரேட்டர்தான் இருந்தது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், ஆனால் கார்புரேட்டர் அதே விகிதத்தில் பெட்ரோலைக் குறைக்காது. கலவையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் திணறும். பிறகு வந்த ஃபியூல் இன்ஜெக்ஷனில் ஒரு சென்சார் காற்றழுத்தத்தை அளந்து சொல்ல, கணினி அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துவிடும்.

கொடுத்த விலை

சரி, எல்லாமே லாபம்தானா? கிடையாது.

முதல் விலை கீழ்ச் சுழற்சியில். 3,000 சுழற்சியிலேயே உச்ச டார்க்கில் தொண்ணூறு சதவீதம் கிடைத்துவிடும் என்று நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் அது 36 நியூட்டன் மீட்டர், பழைய எஞ்சினின் உச்சத்தைவிடவே அதிகம். கேடிஎம் அளவுக்கு ஸ்ட்ரோக்கைக் குறைக்காமல் நிறுத்தியதன் பலன் இது. ஆனால் 3,000-க்குக் கீழே? இரண்டையும் ஓட்டிய பலரும் சொல்வது ஒன்றுதான்: பழையது அங்கேயும் டுப்-டுப்பென்று இழுக்கும், புதியதில் ஹாஃப் கிளட்ச் பிடித்து எஞ்சினைக் கொஞ்சம் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஓட்டுகிறவன் கை புதிதாகப் பழக வேண்டும்.

இரண்டாவது விலை ஊர் மெக்கானிக்கிடம். துறையூர் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் முப்பது வருடமாகப் புல்லட் பிரித்துச் சேர்ப்பவர். புது எஞ்சினைப் பற்றிக் கேட்டேன். "சார், பழசுல சத்தத்த வச்சே வியாதி சொல்லிருவேன். இதுல கம்ப்யூட்டர மாட்டி அது என்ன சொல்லுதுன்னு பாக்கணும். அந்த மிஷின் என்கிட்ட இல்லையே" என்றார்.

அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, நிலவரத்தைச் சொன்னார். இரட்டைக் கேம்ஷாஃப்ட் எஞ்சின்களில் வால்வு இடைவெளியைச் சரிசெய்யப் பல சமயம் கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டிவரும். ஆக்ஸிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது, மின்சமிக்ஞைதான் போகிறது. ரேடியேட்டரில் கல் பட்டு ஓட்டை விழுந்தால் பயணம் அங்கேயே நிற்கும். ஊருக்குள் இதெல்லாம் ஒரு நாள் அலைச்சல். ஆனால் இந்த வண்டியை வாங்குகிறவன் போக நினைப்பதே சர்வீஸ் சென்டர் இல்லாத இடத்துக்கு. அவனுக்கு 'கெட்டுப்போகாது' என்பதும் 'கெட்டால் சரிசெய்யலாம்' என்பதும் இரண்டு தனித்தனி உத்தரவாதங்கள். பழைய எஞ்சின் இரண்டாவதில் பலசாலி. புதியது முதலாவதை நம்பிக் களத்தில் இறங்கியிருக்கிறது.

இதில் யார் சரி என்று நிறுவனமே ஒரு பக்கம் சாய்ந்துவிடவில்லை என்பதுதான் சுவாரசியம். ஷெர்பா 2024-ல் கெரில்லா 450 என்ற ரோடு வண்டிக்கும் போனது. பழைய எல்எஸ் குடும்பத்தையும் தூக்கிப் போடவில்லை. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை மட்டும் மூன்று மில்லிமீட்டர் கூட்டி 81 ஆக்கி, 443 சிசி எஞ்சினாக்கி, 2025 ஜனவரியில் ஸ்க்ராம் 440-ல் வைத்தார்கள். அதே 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதே காற்றுக் குளிர்விப்பு. எஞ்சின் வார்ப்புக்கும் கடைசல் இயந்திரங்களுக்கும் போட்ட முதலீடு பெரியது என்பது ஒரு காரணம். அந்தக் குணத்தைக் கேட்டு வாங்க இன்னும் ஆள் இருப்பது இன்னொரு காரணம்.

அதனால் இந்த வகை வண்டி வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் "எத்தனை குதிரைத்திறன்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 3,000 சுழற்சியில் டார்க் எவ்வளவு, வால்வு இடைவெளி எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். டெஸ்ட் டிரைவ் கொடுத்தால் மெயின் ரோட்டில் விரட்டிப் பார்ப்பதோடு திரும்பிவிட வேண்டாம். ஒரு மேட்டில் இரண்டாவது கியரில், கிளட்சைத் தொடாமல், எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பாருங்கள். உங்களுக்குச் சேர வேண்டியது எந்த எஞ்சின் என்று அங்கேயே பாதி தெரிந்துவிடும்.